ஈரமுள்ள ஈரல்

 



பிராணிகளின் முகத்தில் மனிதனுடைய சிரிப்பையும் அழுகையையும் கோபத்தையும் காணுகிற பழக்கம் நம் எல்லோரிடத்திலும் இருக்கிறது. அதைப் பற்றியும், முகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத ஒரு கடற்பிராணியைப் பற்றியும் இம்மாதம் பேச நாடியிருக்கிறேன். நான் ஆலிமல்லன், மளிகைக் கடைக்காரன். மார்க்க விஷயத்தை உலமாப் பெருமக்களிடம் கேட்டும், பிராணி விஷயத்தை நூல்நிலையத்தில் வாசித்தும் எழுதுகிறேன். இது வேடிக்கைப் பேச்சென்று ஒதுக்கிவிட வேண்டாம். யார் மீது இரக்கம் காட்டுவது, யார் மீது காட்டாமலிருப்பது என்னும் கணக்கு இதில் அடங்கியிருக்கிறது.

ஓங்கில் என்றும் டால்பின் என்றும் சொல்லுகிறோமே, அது எப்போதும் சிரித்த முகமாக இருப்பதைக் கண்டு குழந்தைகள் மகிழ்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான். ஆனால் அது சிரிப்பன்று. அதன் வாயோரம் மேல்நோக்கி வளைந்திருப்பது தாடையின் அமைப்பு. நம்மைப் போல் உதட்டை விரிக்கவும் சுளிக்கவும் அதனால் ஆகாது. பசித்தாலும், நோய் கண்டாலும், குட்டியை இழந்தாலும் அந்த வளைவு மாறுவதில்லை. செத்துக் கரை ஒதுங்கிய ஓங்கிலும் சிரித்த முகமாகவே கிடக்கும். தொட்டியில் அடைபட்டு வளையம் தாண்டும் ஓங்கிலைப் பார்த்து, "எத்தனை சந்தோஷமாக இருக்கிறது பாருங்கள்!" என்று சொல்லுகிறவர், பூட்டிய வீட்டின் வாசலில் "நல்வரவு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே விருந்து நடக்கிறதென்று நம்புகிறவரை ஒத்தவர்.

குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் பக்கம் போனால் நீண்ட வால் குரங்குகளைக் காணலாம். உதட்டை இழுத்துப் பல்லை வெளியே காட்டும்போது, "சிரிக்கிறது, சிரிக்கிறது" என்று நாம் கிட்டப் போகிறோம். அது அஞ்சி நிற்கிறது. "என்னை விட்டுவிடு" என்பது அதன் பொருள். வாயை அகலத் திறந்து முறைத்தால் மிரட்டுகிறது. சிம்பன்ஸி என்னும் வாலில்லாக் குரங்கும் இத்தகையதே. படங்களிலும் விளம்பரங்களிலும் சட்டை போட்டுப் பல்லைக் காட்டிய சிம்பன்ஸிகளைக் கண்டு உலகமே சிரித்ததுண்டு. அவற்றுள் பல, பயத்தில் பல்லைக் காட்டியவை.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்றுண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடைப்பட்ட ஆழ்கடலில் 2003ஆம் ஆண்டு ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று பிளாப் மீன் என்னும் மீனை மேலே கொண்டுவந்து படமெடுத்தது. தொங்கிய மூக்கும், கீழ்நோக்கி வளைந்த வாயும், பிள்ளைகளால் கைவிடப்பட்ட கிழவனின் துயரமும் அந்தப் படத்தில் தெரியும். 2013இல் இங்கிலாந்துச் சங்கம் ஒன்று நடத்திய வாக்கெடுப்பில் அதை மிக அவலட்சணமான பிராணி என்று தேர்ந்தெடுத்தார்கள். உண்மை யாதெனில், அது வாழுமிடம் சுமார் 600 முதல் 1,200 மீட்டர் ஆழம். அங்கே தண்ணீரின் அழுத்தம் மேற்பரப்பைப் போல 60 முதல் 120 மடங்கு. அந்த அழுத்தத்தில் அது ஏறக்குறைய மற்ற மீன்களைப் போலவே இருக்கிறது. மேலே இழுத்தபோது உடல் குலைந்து அந்த உருவம் உண்டாயிற்று. பிடித்துக் கொன்றவர்களும் நாமே. அதன் மையித்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் நாமே!

ஜப்பான் தேசத்தில் ஒருவகை நண்டின் ஓட்டில் கோபமுற்ற போர்வீரனின் முகம் தெரிகிறது. 1185ஆம் ஆண்டு நடந்த கடற்போரில் மூழ்கிய வீரர்களின் ஆவி அதில் குடியிருப்பதாக அவ்வூர் ஜனங்கள் நம்பினார்கள். அந்த மேடும் பள்ளமும் உள்ளே தசை ஒட்டியிருக்கும் இடங்கள் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஜப்பானியரைச் சொல்லி நாம் நகைக்க வேண்டியதில்லை. கத்தரிக்காயை அறுத்தால் உள்ளே எழுத்துத் தேடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். கத்தரிக்காய் முளைத்துக் காய்த்ததே போதுமான அத்தாட்சி என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? பிறந்து சில நாள் கூட ஆகாத குழந்தை, மற்ற வடிவங்களை விட முகம் போன்ற வடிவத்தை விரும்பிப் பார்க்கிறது. தாயின் முகத்தை அறிந்துகொள்ளும்படி ரஹ்மான் அதன் கல்பில் வைத்தனுப்பிய நிஃமத் அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பொன் நிறுக்கும் தராசில் விறகை நிறுத்தால் என்ன ஆகும்? தராசிலே குற்றமில்லை, வைத்த பண்டம் அதற்குரியதன்று. மனித முகத்தைப் படிக்கக் கொடுக்கப்பட்ட அறிவைக் கொண்டு ஓங்கிலையும் மீனையும் நிறுக்கப் போகும்போதுதான் கணக்குத் தப்புகிறது. சிரிப்பதாகத் தோன்றுவதற்குத் துன்பமில்லை என்று முடிவு செய்கிறோம். முகமே தோன்றாததற்கு உணர்ச்சியே இல்லை என்று முடிவு செய்கிறோம்.

இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

மார்க்கெட்டில் மீன்காரரின் ஐஸ் பலகை மீது எட்டுக் கால்களைப் பரப்பிக்கொண்டு கிடக்குமே, அதை மலாய்க்காரர் சோத்தோங் குரித்தா என்பார்கள். ஆங்கிலத்தில் ஆக்டோபஸ். நம் ஊர்க் கடற்கரையில் பேய்க்கணவாய் என்று பெயர். பெயரிடும்போதே பேயென்று தள்ளிவிட்டோம்! அதைப் பார்த்தால் பெருத்த வழுக்கைத் தலையும், சந்தேகத்தோடு பார்க்கும் இரண்டு கண்களும், கண்ணுக்குக் கீழே நீண்ட மூக்கும் உள்ள ஒரு கடுகடுத்த பெரியவரைப் போலத் தோன்றும். இதில் கண் ஒன்றுதான் கண். மற்றதெல்லாம் நம்முடைய கற்பனை.

தலை என்று நாம் நினைப்பது தலையன்று, அது வயிறு. சுவாசிக்கும் செவுள்களும், இரைப்பையும், ஈரலும், மைப்பையும் அடங்கிய பை அது. உண்மையான தலை, அந்தப் பைக்கும் கால்களுக்கும் நடுவே சிறிதாக அமைந்திருக்கிறது. மூக்கென்று நினைப்பது ஒரு குழாய். மூச்சுக்கு உள்ளே வாங்கிய தண்ணீரையும், மையையும், உடற்கழிவையும் அதன் வழியாகவே வெளியேற்றுகிறது. அவசரமானால் அந்தத் தண்ணீரைப் பீச்சியடித்துப் பின்னோக்கிப் பாய்கிறது. பிள்ளைகளின் படப்புத்தகத்தில் அந்தப் பைக்கு நடுவே சிரித்த வாய் வரைந்திருப்பார்கள். வாய் அங்கேயே இல்லை. எட்டுக் கால்களும் கூடுமிடத்தில், அடிப்பக்கத்தில் மறைந்திருக்கிறது. கிளியின் அலகைப் போல் ஓர் அலகும் அதற்குண்டு. உடம்பில் கடினமான உறுப்பு ஏறக்குறைய அந்த அலகு ஒன்றுதான். எலும்பு கிடையாது. ஆகையால் அலகு நுழையுமளவு துவாரம் கிடைத்தால் முழு உடலையும் நெளித்து வெளியேறிவிடும்.

இதயம் மூன்று. இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு இரத்தத்தை அனுப்புகின்றன; மூன்றாவது உடலெங்கும் அனுப்புகிறது. நீந்தும்போது இந்த மூன்றாவது இதயம் நின்றுவிடுகிறது. அதனால் நீந்தினால் விரைவில் களைத்துப் போகும். ஊர்ந்து செல்வதையே அதிகம் விரும்பும். இரத்தம் நீலம். நமது இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு. அதன் இரத்தத்தில் சுமப்பது செம்பு. மூளை, வளையம் போல் உணவுக்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. தின்கிற ஒவ்வொரு கவளமும் மூளையின் நடுவே புகுந்து வயிற்றுக்குப் போகிறது! பொடிப்பொடியாகக் கடித்து விழுங்க வேண்டியதன் காரணம் விளங்குகிறதல்லவா?

அதற்கிருக்கும் நரம்பணுக்கள் சுமார் 50 கோடி. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்களில் இருக்கிறது. ஒவ்வொரு காலிலுமுள்ள உறிஞ்சிகள் தொட்டும் அறிகின்றன, சுவைத்தும் அறிகின்றன. நமக்கு நாக்கு ஒன்று. அதற்கோ எட்டுக் கால் முழுவதும் நாக்கு.

கண்ணின் விஷயம் இன்னும் ஆச்சரியமானது. நம் கண்ணைப் போலவே வில்லையும் விழித்திரையும் கொண்ட கண். ஆனால் நம் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்கு முன்னால் ஓடி, ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு வெளியேறுவதால் அவ்விடத்தில் பார்வையில்லை. பேய்க்கணவாய்க்கு நரம்புகள் பின்பக்கமாகவே போவதால் அந்தக் குறையே கிடையாது. உடல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கோடு போன்ற அதன் கண்மணி கொத்தனாரின் ரசமட்டம் போலப் படுக்கை வாட்டமாகவே நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் "சந்தேகப் பார்வை" என்று நாம் சொல்லுகிறோம். அது யாரையும் சந்தேகிக்கவில்லை. மேல் எது, கீழ் எது என்று பார்த்துக்கொள்கிறது.

அவ்வாறாயின் அதன் உள்ளத்தில் நடப்பதை வெளியே காட்ட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நாம் பார்க்கிற இடம்தான் தவறு. அதன் தோல் முழுவதும் வண்ணம் நிரம்பிய நுண்ணிய பைகள் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் இழுத்தால் நிறம் விரியும், தளர்ந்தால் சுருங்கும். ஆஸ்திரேலியாவில் ஒரு விரிகுடாவில் கேமரா வைத்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சண்டைக்கு வருகிற பேய்க்கணவாய் கருத்து நிமிர்ந்து நிற்கிறது, பின்வாங்குகிறது வெளுத்துப் போகிறது என்று கண்டார்கள். நமக்குக் கோபத்திலே முகம் கறுக்கிறது, பயத்திலே வெளுக்கிறது. அதற்கு உடம்பே முகம்! இத்தனை வண்ணம் காட்டுகிற பிராணிக்கு நம்மைப் போல நிறங்களைப் பிரித்தறியும் கண் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சுப்ஹானல்லாஹ்!

இந்தோனேசியக் கடலில் ஒருவகைப் பேய்க்கணவாய், மனிதர் எறிந்த தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு கால்களை ஊன்றி நடக்கிறது. ஆபத்து வந்தால் சிரட்டைக்குள் புகுந்து மூடிக்கொள்கிறது. 2009இல் இது வெளியாயிற்று. நம் வீட்டில் தேங்காய் துருவிய பிறகு சிரட்டையைக் குப்பையில் போடுகிறோம். ஒரு குடும்பஸ்தன் குடை எடுத்துக்கொண்டு போவது போல அது அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இன்னொன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவை அடுத்த கடலில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், பாறைச் சரிவொன்றில் ஒரு பெண் பேய்க்கணவாய் முட்டைகளை அணைத்துக்கொண்டிருந்ததை 2007ஆம் ஆண்டு மே மாதம் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். இயந்திரத்தை இறக்கி மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். 2011 செப்டம்பரிலும் அது அதே இடத்தில் இருந்தது. 53 மாதங்கள்! அக்காலத்தில் அது எதையும் தின்றதை அவர்கள் காணவில்லை. பக்கத்தில் வந்த நண்டையும் இறாலையும் பிடித்துத் தின்னாமல் தள்ளிவிட்டது. இயந்திரக் கையால் நீட்டிய நண்டுத் துண்டையும் வாங்கவில்லை. நாளடைவில் தோல் வெளுத்துத் தொய்ந்தது, கண்ணில் புகை படர்ந்தது. அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோது தாயைக் காணவில்லை; குஞ்சுகள் வெளியேறிப்போன வெறும் முட்டையோடுகள் பாறையில் ஒட்டியிருந்தன. இவ்விதம் முட்டையைக் காத்துக் குஞ்சு பொரிக்கும் தறுவாயில் தாய் மடிந்து போவது இவ்வினத்தின் நியதி. அந்த ஐம்பத்து மூன்று மாதத்தில் ஒரு நாளாவது அதன் "முகத்தில்" தாய்மையைக் கண்டிருப்போமா? ஒரு துளிக் கண்ணீரும் இல்லை, ஒரு புன்னகையும் இல்லை.

வலி உண்டா என்று கேட்பீர்கள். 2021இல் அமெரிக்காவில் செய்த சோதனையொன்றில், ஓர் அறையில் வைத்து எரிச்சலூட்டும் மருந்து ஏற்றப்பட்ட பேய்க்கணவாய்கள், தாம் முன்பு விரும்பியிருந்த அந்த அறையையே பிறகு வெறுத்து ஒதுக்கின. புண்பட்ட இடத்தைத் தடவிக் கவனித்துக்கொண்டன. மரத்துப்போகும் மருந்து கொடுத்த அறையை நாடிச் சென்றன. இங்கிலாந்து அரசாங்கம் 2022இல் இயற்றிய சட்டத்தில், உணர்ச்சியுள்ள பிராணிகளின் வரிசையில் கணவாய் இனங்களையும் நண்டு, இறால் இனங்களையும் சேர்த்துக்கொண்டது.

சகோதரர்களே! சட்டம் 2022இல் வந்தது. நம்மிடம் உள்ள அளவுகோல் எப்போது வந்தது?

தாகத்தால் நாக்குத் தொங்க ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்டு, கிணற்றிலிறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வாயில் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டிய மனிதரின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அல்லாஹ் அச்செயலை ஏற்று அவருடைய பாவங்களை மன்னித்தான். பிராணிகள் விஷயத்திலும் நமக்கு நற்கூலி உண்டா என்று சஹாபாக்கள் கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த விடையில் ஒரு சொல் இருக்கிறது. ஈரமுள்ள ஈரல் உடைய ஒவ்வொன்றிலும் கூலி உண்டு என்பது அதன் கருத்து.

இதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது, நின்று யோசிப்பதில்லை. முகமுள்ள ஒவ்வொன்றிலும் என்று அவர்கள் சொல்லவில்லை. அழக்கூடியது என்றோ, நம்மைப் போல் பார்க்கக்கூடியது என்றோ சொல்லவில்லை. ஈரல்! வெளியே தெரியாத உறுப்பு. யாரும் ஈரலைப் பார்த்து இரங்குவதில்லை. அந்த மனிதர் கூட நாயின் முகம் தம் முகத்தைப் போல் இருந்ததென்று இரங்கவில்லை. தமக்கு வந்த தாகம்தானே இதற்கும் வந்திருக்கிறதென்று எண்ணி இறங்கினார். பேய்க்கணவாய்க்கு நம் முகம் இல்லை. ஆனால் நாம் வழுக்கைத் தலையென்று சிரித்த அந்தப் பைக்குள்ளே ஈரல் இருக்கிறது, ஈரமாகவே இருக்கிறது.

இதனால் முகத்துக்கு மதிப்பில்லை என்று கொள்ளக் கூடாது. முகத்தில் சூடிடப்பட்ட கழுதையைக் கண்டு, அப்படிச் செய்தவனை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள். அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஒட்டகம் ஒன்று அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் வடித்தது. அவர்கள் கிட்டப் போய் அதன் காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்து, உடையவரை அழைத்து, நீர் இதைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதாக முறையிடுகிறதே என்று கண்டித்தார்கள். அபூதாவூதில் வரும் ஹதீது இது. ஆனால் அவர்கள் அல்லாஹ்வின் ரசூல். பிராணியின் முறையீடு அவர்களுக்கு எட்டும். பறவைகளின் பேச்சு சுலைமான் (அலை) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. எறும்பொன்று தன் கூட்டத்தாரை எச்சரித்ததைக் கேட்டு அவர்கள் புன்னகைத்தார்கள். எறும்பின் முகத்தைப் பார்த்து அறிந்தார்களா? இல்லை, அறிவிக்கப்பட்டார்கள். அந்த இல்மு நமக்குக் கிடைக்கவில்லை. நமக்கு இருப்பது ஊகம்.

அந்த எறும்பின் பேச்சில் ஒரு நுட்பத்தை உலமாக்கள் எடுத்துக் காட்டுவார்கள். சேனை நம்மை மிதித்துவிடும் என்று மட்டும் அது சொல்லவில்லை. அறியாமல் மிதித்துவிடுவார்கள் என்று நமக்காகவே ஒரு சாக்குச் சொல்லியது. ஓர் எறும்பு மனிதனிடத்தில் வைத்த நல்லெண்ணம் அது. மூன்று இதயமும் ஐம்பது கோடி நரம்பணுவும் இருக்கிறதென்று அறிந்த பிறகு, அந்தச் சாக்கு இனி நமக்குச் செல்லுமா?

முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பிராணிகளோடு நிற்பதில்லை. நியூயார்க்கில் 2009இல் ஒரு பேராசிரியை 14 நாய்களை வைத்துச் செய்த சோதனையைக் கேளுங்கள். (நாய் வளர்ப்பது பற்றி நான் இங்கே பேசவில்லை, சோதனையை மட்டும் கவனியுங்கள்.) தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போவார். நாய் தின்றதா இல்லையா என்பதை அவருக்குச் சில வேளை உண்மையாகவும், சில வேளை பொய்யாகவும் சொல்லுவார்கள். தலை குனிந்து, கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்தக் "குற்றவாளி முகம்" திருடிய நாய்க்கு வரவில்லை. திட்டப்பட்ட நாய்க்கு வந்தது. ஒரு குற்றமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்க்கு இன்னும் அதிகமாக வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் சம்பளத்துக்கு நின்ற ஒரு கடையில், கல்லாவில் ஐம்பது வெள்ளி குறைந்தது. ஊரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஒரு பையனை முதலாளி கூப்பிட்டார். "நான் எடுக்கலை முதலாளி" என்றான். உதடு நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. "வாய் சொல்லுறதை விடுங்க, மூஞ்சியே சொல்லுதே" என்றார் அவர். அந்த மாதமே அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ரொட்டிக்காரருக்குக் கொடுத்த பணத்தின் ரசீது கணக்குப் புத்தகத்துக்குள் மடிந்து கிடந்தது. ரசீது கிடைத்தது, பையன் கிடைக்கவில்லை. கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் வாசிக்க வேண்டுகிறேன். அதட்டினால் வெளுக்கிற முகம் திருட்டுக்குச் சாட்சியாகாது. அதட்டலுக்கு மட்டுமே சாட்சி.

முகம் நமக்கு அமானிதம். பார்வையில்லாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து கேள்வி கேட்ட நேரத்தில், குறைஷித் தலைவர்களோடு பேச்சில் ஈடுபட்டிருந்த நாயகத்தின் திருமுகத்தில் ஒரு சுளிப்புத் தோன்றியது. வந்தவர் அதைக் காணவில்லை; காண அவருக்குக் கண்ணில்லை. ஆயினும் அதைக் குறித்து ஒரு சூரா இறங்கிற்று. அதன் பெயரே அபஸ. அதன் பின்பு அவரை நாயகமவர்கள் எவ்வளவு சங்கை செய்தார்கள் என்பதையும், தாம் பிரயாணம் போன வேளைகளில் மதீனாவில் தம் பிரதிநிதியாக அவரை விட்டுச் சென்றார்கள் என்பதையும் நாம் அறிவோம். மனித முகத்தின் ஓர் அசைவுக்கு இத்தனை கணக்கு. நம் முகத்தை நாம் திருத்திக்கொள்ளலாம், ஓங்கிலால் முடியாது. சகோதரனைப் பார்த்துப் புன்னகைப்பது சதக்கா என்று நமக்குச் சொல்லப்பட்டது அதனால்தான் போலும்.

இனிச் சமையலறை விஷயம். பேய்க்கணவாய் உண்ணலாமா என்று சில தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். ஷாபிஈ மத்ஹபில் அனுமதியுண்டு. ஹனபி மத்ஹபில் கடலில் மீன் தவிர்த்த மற்றவை ஆகாது. நம் சங்கத்தில் இரு சாராரும் இருக்கிறோம். அவரவர் இமாமைப் பின்பற்றிக்கொள்வோம், அதில் சண்டை வேண்டாம். கடற்பிராணிகளுக்கு அறுப்பு விதி இல்லை என்பது உண்மை. அறுக்க வேண்டியதில்லை என்றால் வதைக்கலாம் என்று பொருளல்ல. அறுக்கும் போதும் நேர்த்தியாகச் செய்யுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு இளைப்பாற்றி கொடுங்கள் என்று முஸ்லிம் ஷரீபில் வரும் கட்டளை, எல்லாக் காரியத்திலும் நேர்த்தி விதிக்கப்பட்டிருப்பதாகவே தொடங்குகிறது.

ஆகவே உயிரோடு வாங்கி வந்ததைக் கொதிநீரில் இறக்காதீர்கள். உயிரோடு உப்பைக் கொட்டித் தேய்க்காதீர்கள். மூளை இரண்டு கண்களுக்கும் நடுவே இருக்கிறது. கூரிய கத்தியால் அங்கே ஒரே குத்தாகக் குத்திவிடுவது மீனவர் வழக்கம். கால்களில் தனி நரம்பு இருப்பதால் மூளை போன பின்பும் அவை சிறிது நேரம் நெளியும், பயப்பட வேண்டாம். மிருதுவாக வேண்டுமென்று கல்லில் அடிக்கிறவர்கள் அதற்குப் பிறகு அடித்துக்கொள்ளட்டும். கைக்குப் பழக்கமில்லாதவர்கள் மீன்காரரிடமே சொல்லிவிடலாம்.

விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒன்று. நீர் வற்றிய நேரத்தில் பாறையிடுக்கில் ஒதுங்கிய பேய்க்கணவாயைக் குச்சியால் குத்தி, நிறம் மாறுவதைக் கண்டு கைதட்டுகிறார்கள். நிறம் மாறுவது வேடிக்கை காட்ட அன்று என்று சொல்லிக் கொடுங்கள். கை அகலம் கூட இல்லாத நீல வளையப் பேய்க்கணவாய் என்று ஒன்று நம்முடைய சிங்கப்பூர், மலேசியக் கடல்களிலும் உண்டு. சீண்டினால் அதன் உடம்பில் நீல வளையங்கள் பளிச்சிடும். பிள்ளைகள் அழகாயிருக்கிறதென்று கையில் எடுக்கப் போவார்கள். அது கொடிய விஷமுள்ளது. கடித்தால் பெரும்பாலும் வலி கூடத் தெரியாது. சற்று நேரத்தில் மூச்சு அடங்கும். மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வரை செயற்கை மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குச்சியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மத்ரஸாப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டபடி, தேனீயைப் பற்றி இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

வல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.